பருவமும் அளவுகோலும்: குழந்தை வளர்ச்சிக்கான வயதுநெறிகளின் வரலாறு – புனேயை முன்வைத்து

முன்னுரை

குழந்தை எந்தத் திங்களில் தலை நிமிர்த்தும், எந்தத் திங்களில் தளர்நடை பயிலும், எந்த வயதில் சொற்களைக் கோத்துப் பேசும் என்னும் வினாக்களுக்கு வளர்ச்சி உளவியல் நூல்கள் அட்டவணைகளாக விடை தருகின்றன. ஆற்றுப்படுத்துநர் பயிற்சியில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே கற்பவை இவ்வட்டவணைகளே. இன்ன வயதுக்கு இன்னது எனப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் வரையறையை இக்கட்டுரை ‘வயதுநெறி’ எனக் குறிக்கிறது.

வயதுநெறி இயற்கை விதிபோல் தோற்றமளிப்பினும், அஃது ஒரு காலத்தில், ஓர் ஊரில், சில குழந்தைகளை நோக்கியோ சில நூல்களை ஆய்ந்தோ மனிதர் உருவாக்கியது. எனவே அதற்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது அட்டவணையை மட்டும் கையாளும் ஆற்றுப்படுத்துநர், தம்மிடம் வரும் குழந்தையைத் தவறாக மதிப்பிட நேரும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதனை விளக்கப் புனே நகரம் தக்க களமாக அமைகிறது. குழந்தைமையின் எல்லை எது என்னும் வினாவுக்குச் சாத்திரத்தின் வழியும், சோதனையின் வழியும், மருத்துவமனைத் தொடர்நோக்கின் வழியும் வெவ்வேறு காலங்களில் விடை தேடப்பட்ட நகரம் அது. பிள்ளைத்தமிழ் என்னும் பருவ இலக்கியத்தை உடைய தமிழ் ஆய்வாளர்க்கும் இவ்வரலாற்றில் செய்ய வேண்டிய பணி உண்டு என்பது கட்டுரையின் பிற்பகுதியில் சுட்டப்படுகிறது.

1. சாத்திரம் வகுத்த வயது

பம்பாயைச் சேர்ந்த பெஹ்ராம்ஜி மலபாரி, 1884இல் இளவயது மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் கண்டித்துக் குறிப்புகள் வெளியிட்டார். 1889இல் கல்கத்தாவில் புல்மணி என்னும் சிறுமி கணவனின் வன்புணர்வால் உயிரிழந்த நிகழ்ச்சி நாட்டை உலுக்கியது. இவற்றின் தொடர்ச்சியாக, பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891 மார்ச்சுத் திங்களில் நிறைவேறியது. மணமான சிறுமிக்கும் இச்சட்டம் பொருந்தியது.

இச்சட்டம் பற்றிய வாதம் புனேயில் மிகக் கூர்மையாக நிகழ்ந்தது. பால கங்காதர திலகர், அயல் அரசு சட்டத்தின் வழி சமூக வழக்கில் தலையிடலாகாது எனக் ‘கேசரி’ இதழ் வாயிலாக எதிர்த்தார். மகாதேவ கோவிந்த ரானடேயும், ‘சுதாரக்’ இதழை நடத்திய கோபால கணேச ஆகர்கரும் சட்டத்தை ஆதரித்தனர். வடமொழிப் பேரறிஞர் இராமகிருஷ்ண கோபால பண்டார்க்கர், மணத்திற்கும் கூட்டத்திற்கும் உரிய வயது குறித்துச் சாத்திரங்கள் கூறுவன யாவை என ஆராய்ந்து, இச்சட்டம் சமயத்திற்கு முரணன்று எனக் காட்டும் நூலொன்றை எழுதினார்.

இங்கு நோக்கத்தக்கது, இரு தரப்பினரும் பெரிதும் நூற்சான்றுகளையும் வழக்காறுகளையும் கொண்டே வாதிட்டமையாகும். சிறுமியரின் உடற்காயங்களைத் தாம் கண்டவாறு பதிவு செய்து பெண் மருத்துவர்கள் அரசுக்கு அளித்த விண்ணப்பமே குழந்தையை நேரில் நோக்கிய சான்றாக அமைந்தது. எனினும் சிறுமியின் அச்சம், அறிவு, விருப்பம் ஆகியன அவ்வாதத்தில் தனிப்பொருளாகவில்லை. குழந்தைமை என்பது உடல், சட்டம், சமயம் ஆகியவற்றின் பொருளாக இருந்ததேயன்றி, உள்ளத்தின் பொருளாக அன்று கருதப்படவில்லை எனலாம்.

2. சோதனை வகுத்த வயது

குழந்தையின் உள்ளத்தை வயதால் அளக்கும் முறை பாரிசில் தோன்றியது. பொதுப்பள்ளியின் பாடத்தைத் தொடர இயலாத குழந்தைகளை இனங்கண்டு உதவும் நோக்கில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவை ஒன்றை உருவாக்கினர். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சோதனைகள் வயது வாரியாக அடுக்கப்பட்டன. ‘மன வயது’ என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. நுண்ணறிவு மாறாத ஒன்று என்னும் கொள்கையைப் பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றே அவர் எழுதினார். ஆயினும் அமெரிக்காவில் 1916இல் டெர்மன் வெளியிட்ட ஸ்டான்போர்டு திருத்தத்திற்குப் பின்னர், நுண்ணறிவு ஈவு என்னும் ஒற்றை எண் குழந்தையின் நிலையான அடையாளம் போல வழங்கலாயிற்று. உதவிக்காகப் பிறந்த கருவி தரம் பிரிக்கும் கருவியாக மாறியது.

இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 அளவிலும், மைசூரில் 1924இலும், சென்னையில் 1943இலும் உளவியல் துறைகள் தொடங்கப்பட்டன. வி. வி. காமத், பினே அளவையை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்பத் தழுவி, தம் ஆய்வை 1940இல் நூலாக வெளியிட்டார். பினே–காமத் சோதனை எனப்படும் அது, பல்லாண்டுகளாக இந்திய மருத்துவமனைகளில் கையாளப்பட்டு வந்துள்ளது. அன்றைய பம்பாய் மாகாணத்தின் இருமொழிக் குழந்தைகளைக் கொண்டு அமைந்த நெறி, பின்னர் பிற மொழிக் குழந்தைகளுக்கும் பயன்பட்டது என்பது வரலாற்று நோக்கில் கருதத்தக்கது.

புனேயில் இம்மரபு வேறொரு திசையில் வளர்ந்தது. வி. வி. பெண்ட்சே 1962இல் ஞானப் பிரபோதினியை நிறுவினார். மீத்திறன் வாய்ந்த மாணவரை உளவியல் சோதனைகளால் தேர்ந்து, அவர்களைச் சமூகத் தலைமைக்கு உருவாக்குவது அதன் குறிக்கோள். 1969இல் அதன் பள்ளியும் தொடங்கப்பட்டது. நுண்ணறிவை ஒற்றை எண்ணாகக் கொள்ளாது, 120 கூறுகளாகப் பகுத்துக் காட்டிய கில்போர்டின் நுண்ணறிவு அமைப்புக் கோட்பாட்டை அந்நிறுவனத்தின் உளவியல் பிரிவு ஏற்று, இந்தியச் சூழலுக்கேற்ற சோதனைகளை அமைத்தது. ஒரே மதிப்பெண் பெறும் இரு குழந்தைகள் ஒரே திறனுடையோர் அல்லர் என்னும் உண்மையை இவ்வணுகுமுறை வெளிப்படுத்தியது. அதே வேளையில், தேர்ந்தெடுக்கும் சோதனை எதுவாயினும், அது தேர்ந்தெடுக்காத குழந்தைகளைப் பற்றி யாதும் கூறுவதில்லை. அக்குழந்தைகளைப் பற்றிய வினாவைப் பின்னர் மருத்துவமனை எழுப்பியது.

3. பரோடாக் குழந்தைகளும் புனேப் பதிப்பும்

பள்ளி வயதுக்கு முந்திய பருவத்தை அளக்கும் முயற்சிகளில் அர்னால்டு கெசல், நான்சி பெய்லி ஆகியோர் முன்னோடிகள். கெசல் 1911 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும், பெய்லி 1928 முதல் பெர்க்லியிலும் குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கினர். பெய்லியின் அளவை 1969இல் வெளியாயிற்று. கெசல் நோக்கியவர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பு வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளே. எனினும் அவர் கண்ட வரிசை உலகக் குழந்தைகள் யாவர்க்கும் பொதுவென நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் பிரமிளா பாடக். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சித் துறையில் பணியாற்றிய அவர், பெய்லியின் அளவையை அடியொற்றி, ஒரு திங்கள் முதல் முப்பது திங்கள் வரையுள்ள பரோடாக் குழந்தைகளின் இயக்க வளர்ச்சியையும் மன வளர்ச்சியையும் ஆராய்ந்தார். அவ்வாய்வின் திருத்திய வடிவமே இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி மதிப்பீட்டு அளவை. அது 1997இல் புனேயில் வெளியிடப்பட்டது. இயக்க வளர்ச்சிக்கு 67 கூறுகளும், மன வளர்ச்சிக்கு 163 கூறுகளும் அதில் உள்ளன.

இவ்வளவையின் அமைப்பைப் பயிற்சி மாணவர் நுட்பமாக அறிதல் வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய வயதாகக் குறிக்கப்படுவது, நூறு குழந்தைகளுள் ஐம்பதின்மர் அச்செயலை எட்டிய வயதாகும். அவ்வயதில் எஞ்சிய ஐம்பதின்மர் அதனை இன்னும் எட்டவில்லை. ஆயினும் அவர்கள் குறையுடையோர் அல்லர். இதன் பொருட்டே நூற்றுக்கு மூவர் எட்டும் வயதும், தொண்ணூற்றெழுவர் எட்டும் வயதும் உடன் தரப்பட்டுள்ளன. உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நிகழ்த்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, துணையின்றி நடக்கும் திறன் 8.2 திங்கள் முதல் 17.6 திங்கள் வரை எப்பொழுது வேண்டுமாயினும் தோன்றலாம் எனக் காட்டியது. நலமுள்ள இரு குழந்தைகளுக்கிடையே ஒன்பது திங்களுக்கு மேற்பட்ட இடைவெளி இயல்பானதே. ஒரு வயதில் நடக்கவில்லை என அஞ்சி வரும் தாய்க்கு ஆற்றுப்படுத்துநர் கூற வேண்டுவது சராசரியை அன்று, இவ்விடைவெளியையே ஆகும். இடைவெளியின் மேலெல்லையையும் தாண்டிய குழந்தையை, ‘தானாகச் சரியாகிவிடும்’ எனக் கூறித் திருப்பி அனுப்பாது மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவதும் அதே அறிவின் பயனாகும்.

4. தொடர்நோக்கு வகுத்த வயது

புனேயின் மூன்றாவது சான்று மருத்துவமனையில் உள்ளது. ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் அமைந்தது கே. இ. எம். மருத்துவமனை. சாலையின் பெயரே அப்பகுதியின் பழைய தமிழ்த் தொடர்பை நினைவூட்டுகிறது. அம்மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் சுதா சௌத்ரியும் உடன் ஆய்வாளரும், 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்து 1987க்கும் 1989க்கும் இடையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கத் தொடங்கினர். பின்னர் அக்குழந்தைகளை ஆறு வயதிலும், பன்னிரண்டு வயதிலும், பதினெட்டு வயதிலும் ஆராய்ந்தனர். ஒரே குழந்தைக் குழுவை இத்துணை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வுகள் இந்தியாவில் அரியன.

பன்னிரண்டு வயதில் இக்குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு இயல்பு எல்லைக்குள் இருந்தது. ஆயினும் ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாக இருந்தது. எழுதுதலிலும் கணக்கிலும் அவர்கள் இடர்ப்பட்டனர். இயல்பு எல்லைக்குள் என்னும் முடிவோடு கோப்பை மூடியிருந்தால், வகுப்பறையில் அவர்கள் பட்ட இடர் பதிவாகியிராது. ‘சோம்பேறி’, ‘கவனமில்லாதவன்’ என்னும் வசைச் சொற்களே அவ்விடர்க்கு விளக்கமாக எஞ்சியிருக்கும். உயிரியற் காரணிகளும் சூழலும் அக்குழந்தைகளின் வளர்ச்சியில் பெறும் பங்கை ஆராய்ந்து அக்குழுவினர் 2005இல் தனிக் கட்டுரை ஒன்றும் வெளியிட்டனர். பிறப்பு எடையோடு தாயின் கல்வியும் குடும்பத்தின் பொருளாதார நிலையும் சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்னும் தெளிவை அத்தகைய ஆய்வுகள் அளித்தன.

குறைமாதக் குழந்தையை மதிப்பிடுகையில் பிறந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடும் முறையும் இத்துறையின் அடிப்படைப் பாடமாகும். இரண்டு திங்கள் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறாம் திங்களில் நான்கு திங்கட் குழந்தையாகவே கருதப்பட வேண்டும். வயது என்பதே ஒரு கணிப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

5. தமிழ் மரபில் பருவப் பகுப்பு

குழந்தைப் பருவத்தைப் பகுத்து நோக்கும் மரபு தமிழில் பழமையானது. குழவியைப் பாடுபொருளாகக் கொள்ளுதலைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. பெரியாழ்வார் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனக் கண்ணனின் பருவங்களைப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தோன்றியது. பாட்டியல் நூல்கள் காப்பு முதல் பத்துப் பருவங்களை வகுத்தன. முதல் ஏழு இருபாற்கும் பொது. இறுதி மூன்று வேறுபடும். பருவங்களுக்குரிய திங்கள் எண்ணிக்கையில் பாட்டியல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. எனினும் செங்கீரைக்கு ஐந்தாம் திங்களும், சப்பாணிக்கு ஒன்பதாம் திங்களும் பெருவழக்காகக் கூறப்படுகின்றன.

திருவனந்தபுரத்தில் எம். கே. சி. நாயரும் உடன் ஆய்வாளரும் 1991இல் வெளியிட்ட வளர்ச்சிக் கண்டறி அட்டவணை, பரோடா நெறிகளிலிருந்து 17 கூறுகளைத் தேர்ந்தெடுத்து அமைத்ததாகும். அவற்றுள் ஒன்று, குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டி விளையாடும் செயல். ஆங்கில மழலை விளையாட்டொன்றின் பெயரால் அது அங்குக் குறிக்கப்படுகிறது. தமிழில் அதற்குச் சப்பாணி என்னும் பெயர் பல நூற்றாண்டுகளாக உள்ளது.

இவ்வொப்புமையைக் கொண்டு, இன்றைய உளவியலை நம் முன்னோர் அன்றே கண்டனர் எனத் துணிதல் ஆய்வு நெறியாகாது. பிள்ளைத்தமிழ் நோக்கற்பதிவு அன்று, இலக்கிய மரபு. பாட்டுடைத் தலைவர் தெய்வமாகவோ, அரசராகவோ, ஆசிரியராகவோ இருந்தனர்; உழவர் குடிலின் குழந்தைக்கு அதில் இடமில்லை. கெசலின் அளவைக்கு உள்ள வகுப்பு எல்லை போன்றதே இவ்வெல்லையும். அவ்வாறே பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவப் பகுப்பும், உலா இலக்கியத்தில் தலைவனைக் காணும் மகளிரைப் பற்றியதேயன்றி, பெண்ணின் வளர்ச்சியை அவள் நிலையிலிருந்து கூறுவதன்று.

ஆயின் பிள்ளைத்தமிழில் ஆற்றுப்படுத்துநர் கற்கத்தக்க கூறு ஒன்றுண்டு. சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக எனப் பருவங்கள் பலவும் குழந்தையை நோக்கிய வேண்டுகோளாக அமைந்துள்ளன. குழந்தையின் செயல் தனித்து நிகழ்வதன்று. அழைக்கும் ஒருவரின் முகத்தையும் குரலையும் எதிர்கொண்டு நிகழ்வது என்னும் உணர்வு அவ்வடிவத்திலேயே பொதிந்துள்ளது. அட்டவணையின் கூறுகளுள் பலவும் உண்மையில் இத்தகையனவே. சோதிப்பவர் அழைக்க, குழந்தை மறுமொழி தருகிறது. அழைப்பவர் அயலாராகவும் மொழி அயல்மொழியாகவும் இருப்பின், மறுமொழி வாராமை குழந்தையின் குறையெனக் கொள்ளத்தக்கதா என்னும் வினா எழுகிறது.

6. இன்றைய நிலையில் எழும் வினாக்கள்

இவ்வினா கற்பனையன்று. புனேயின் கண்டோன்மென்ட், கட்கி முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அத்தகைய குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரக்கூடும். ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் அதன் சொல்வளம் குறைந்ததாகத் தோன்றும். மூன்றையும் சேர்த்து எண்ணினால் அவ்வாறு தோன்றாது. பன்மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்திற்குக் காரணமன்று என்பதே இன்றைய ஆய்வுகளின் பொதுமுடிபு. ஆகவே மொழியைக் காரணம் காட்டி உண்மையான தாமதத்தை மறைத்தலும் தவறு. ஒரு மொழியால் அளந்து இல்லாத தாமதத்தைக் கற்பித்தலும் தவறு. 2013இல் மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தை நலவாழ்வுத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய முற்படுகிறது. இதனால் வயதுநெறிகள் ஆய்வறையிலிருந்து அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்துள்ளன. தவறாக அளப்பதன் விளைவும் அத்துணை விரிந்துள்ளது.

குழந்தைமையின் மேலெல்லையும் இன்று வாதத்திற்குரியதே. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 16 முதல் 18 வயது வரையுள்ளோர் கொடுங்குற்றம் இழைத்ததாகக் கூறப்படுமிடத்து, அவர்தம் மன ஆற்றலையும் உடலாற்றலையும், விளைவை உணரும் திறனையும் வாரியம் முன்மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கு உளவியலாளரின் துணையைப் பெறவும் வழி செய்கிறது. 2024 மேத் திங்களில் புனேயில் இருவர் உயிரிழந்த சாலை விபத்தில், காரை ஓட்டியதாகக் கூறப்பட்ட பதினேழு வயதினரை வயது வந்தோராக விசாரிக்க வேண்டும் எனக் காவல் துறை கோரியது. அக்கோரிக்கையை 2025 சூலையில் இளைஞர் நீதி வாரியம் ஏற்கவில்லை. 1891இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி எழுந்த வினா, வேறு வடிவில் அதே நகரில் மீண்டும் எழுந்தது. அன்று சாத்திரம் வல்லாரிடம் கேட்கப்பட்டது, இன்று உளவியல் கற்றாரிடம் கேட்கப்படுகிறது. தம் அளவுகோலின் எல்லையை அறியாத உளவியலாளர் கூறும் விடையும் புதிய சாத்திரமாகவே முடியும்.

இவ்விடத்துத் தமிழ்த் துறைகளின் பணியும் கருதத்தக்கது. பெ. தூரன் ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘அடிமனம்’ முதலிய நூல்களால் உளவியலை எளிய தமிழில் அறிமுகப்படுத்தினார். அவர் முதன்மை ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியம் கலைச்சொற்களுக்கு வழிகாட்டியது. ஆயினும் பெற்றோரிடம் கேட்கத்தக்க தமிழ்ச் சொற்கள் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியுள்ளன. குப்புற விழுதல், தவழுதல், தத்தித் தத்தி நடத்தல், மழலை, கைவீசுதல், சாய்ந்தாடுதல் என வீட்டு வழக்கில் உள்ள சொற்கள் வளர்ச்சிக் கூறுகளை நுட்பமாகக் குறிக்கின்றன. இவற்றை வட்டார வாரியாகத் தொகுத்து, மதிப்பீட்டு அளவைகளின் கூறுகளோடு பொருத்திக் காட்டுதல் மொழியியலாரும் உளவியலாரும் இணைந்து செய்யத்தக்க ஆய்வாகும்.

முடிவுரை

புனே காட்டும் மூன்று சான்றுகளும் வயதுநெறி உருவாகும் மூன்று வழிகளை உணர்த்துகின்றன. சாத்திரம் குழந்தையைக் காணாமலே வயதை வகுத்தது. சோதனை குழந்தையை ஒருமுறை கண்டு தரம் பிரித்தது. தொடர்நோக்கு அதே குழந்தையை மீண்டும் மீண்டும் கண்டு, முன்னர்த் தான் கூறியதைத் திருத்திக்கொண்டது. பயிற்சி பெறும் ஆற்றுப்படுத்துநர் பின்பற்றத்தக்க நெறி இம்மூன்றாவதே. அட்டவணை எந்தக் குழந்தைகளைக் கொண்டு அமைந்தது, தம் முன் இருக்கும் குழந்தை அவரினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது, அடுத்து அக்குழந்தையை எப்பொழுது காண வேண்டும் ஆகிய மூன்று வினாக்களையும் கேட்டபின் கூறப்படும் மதிப்பீடே குழந்தைக்குப் பயன் தரும்.